ஹேம்ராஜும் எங்கள் அசோசியேஷன் சுற்றறிக்கையும்

நொய்டாவுக்கு மாற்றலாகி வாடகை வீடு தேடி வரும் நம்ம ஆட்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. தண்ணீர் எப்படி (உப்புதான், ஆர்.ஓ. இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது). மெட்ரோ எத்தனை தூரம், இட்லி மாவு எங்கே கிடைக்கும், கோயில் பக்கமா, பள்ளிக்கூடத்தில் தமிழ் உண்டா. எல்லாம் முடிந்து காபி குடிக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆருஷி வீடு இங்கதான எங்கயோ இருக்கு?" என்பார்கள். இருக்கிறது. 25-ஆம் செக்டர், ஜல்வாயு விஹார். விமானப்படை, கடற்படைக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. நடந்தது 2008 மே மாதம். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள், கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "யார்தான் சார் பண்ணியிருப்பாங்க?"

இதற்கு நான் பதில் சொல்வதில்லை. தெரியாததால் மட்டும் இல்லை. இந்தக் கேள்வியை மாலை நேரப் பொழுதுபோக்காகக் கேட்டுக் கேட்டு, இந்த ஊர் வேறு ஒன்றை மறந்துவிட்டது. அந்த மறதி போன வாரம் ஒரு சுற்றறிக்கையாக எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுற்றறிக்கை எங்கள் அபார்ட்மெண்ட் ஓனர்ஸ் அசோசியேஷனுடையது. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்கள். ஒன்று, ஆண் வேலையாட்கள் யாரும் இரவு பத்து மணிக்கு மேல் எந்த ஃபிளாட்டிலும் தங்கக்கூடாது. இரண்டு, வீட்டு வேலை செய்பவர்கள் எல்லாரும் சர்வீஸ் லிஃப்டில் மட்டுமே ஏற வேண்டும். மூன்று, வெளியே போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். கீழே காரணம் போட்டிருக்கிறார்கள். நம் நகரில் முன்பு நடந்த ஆருஷி சம்பவம் போன்றவற்றைக் கருத்தில் கொண்டு, குடும்பங்களின் பாதுகாப்புக்காக, என்று.

படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இதை எழுதியவருக்கு அந்த வழக்கில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைவு இருக்கிறதா?

இரண்டு பேர். ஆருஷி தல்வார், பதினாலாவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருந்த பெண். ஹேம்ராஜ், அந்த வீட்டிலேயே தங்கி சமையலும் வேலையும் பார்த்துவந்தவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், நேபாளத்து அர்காகாஞ்சி மாவட்டத்துக்காரர். பேச்சு வழக்கில் இது "ஆருஷி கேஸ்" என்றே நின்றுவிட்டது. சட்டப்படி இது இரட்டைக் கொலை வழக்கு.

நடந்ததைத் தெரியாத இளைய குடும்பங்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மே 16, வெள்ளிக்கிழமை காலை ஆருஷி தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். ஹேம்ராஜைக் காணோம். அவ்வளவு போதுமே! போலீஸ் அவரைச் சந்தேகக் குற்றவாளி என்றது, பிடித்துக் கொடுத்தால் இருபதாயிரம் ரூபாய் வெகுமதி என்று அறிவித்தது. நேபாளத்துக்காரன், ராத்திரி குடித்திருப்பான், கொன்றுவிட்டு எல்லை தாண்டியிருப்பான் என்று கதை ரெடி. அன்று முழுக்க டி.வி.யில் அதுதான், லிஃப்டில் அதுதான், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் அம்மாக்களிடம் அதுதான்.

அந்த நேரம் முழுக்க அவர் அதே வீட்டின் மொட்டை மாடியில் செத்துக் கிடந்தார். மாடிக் கதவு பூட்டியிருந்தது. கதவில் ரத்தக் கறை இருந்தது. சாவி கிடைக்கவில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள், மே 17, துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் அந்தக் கறையைக் கவனித்தார், பூட்டை உடைத்தார்கள். மே மாத வெயிலில் ஒரு நாளுக்கு மேல் கிடந்த உடம்பு. (இந்த ஊர் மே மாதம் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

ஆக, ஒரு மனிதர் கொலையுண்ட பிறகு ஒரு முழு நாள் கொலைகாரராக இருந்தார். இதற்கு யாரும் அவர் குடும்பத்திடம் ஊரறிய வருத்தம் தெரிவித்ததாக நான் படித்ததில்லை.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியும், இருந்தாலும் வரிசை முக்கியம். மே 23-ஆம் தேதி தகப்பனார் டாக்டர் ராஜேஷ் தல்வாரைக் கைது செய்தார்கள். அன்றைக்கு உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, செத்துப்போன பதிமூன்று வயதுப் பெண்ணின் நடத்தையைப் பற்றி கேமரா முன்னால் பேசினார். பேச்சில் அவள் பெயரையே தப்பாகச் சொன்னார். அப்போது மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சராக இருந்த ரேணுகா சௌத்ரி இதைக் கண்டித்தார். ஜூன் தொடக்கத்தில் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. சி.பி.ஐ.யின் முதல் குழு வேறு மூன்று பேரைப் பிடித்தது. மூவருமே வேலைக்காரர்கள், உதவியாளர்கள் வகை. ஐம்பது நாள் உள்ளே இருந்த தகப்பனார் ஜூலையில் வெளியே வந்தார். அந்த மூவரையும் குற்றப்பத்திரிகை போட முடியாமல் செப்டம்பரில் விட்டார்கள். சி.பி.ஐ.யில் குழு மாறியது. 2010 டிசம்பரில், சந்தேகம் தகப்பனார் மேல்தான், ஆனால் போதிய ஆதாரம் இல்லை, வழக்கை மூடிக்கொள்கிறோம் என்று அறிக்கை கொடுத்தார்கள். மூடக்கூடாது, மேலும் விசாரியுங்கள் என்று கேட்டவர்கள் பெற்றோர்தான். நீதிமன்றமோ 2011 பிப்ரவரியில் அந்த அறிக்கையையே வைத்து அவர்கள் இருவரையும் குற்றம் சாட்டப்பட்டவர்களாக அழைத்தது. 2013 நவம்பரில் காஜியாபாத் சி.பி.ஐ. நீதிமன்றம் இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2017 அக்டோபர் 12-ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. இந்த விடுதலையை எதிர்த்து ஹேம்ராஜின் மனைவியும் சி.பி.ஐ.யும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சி.பி.ஐ.யின் மனுவை 2018-ல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

இதில் என்னை எப்போதும் உறுத்துவது ஆயுதம். கவனித்துப் பாருங்கள். நேபாளத்து உதவியாளர்கள் மேல் சந்தேகம் இருந்தபோது ஆயுதம் குக்ரி. பல் டாக்டர்களான பெற்றோர் மேல் சந்தேகம் திரும்பியதும் ஆயுதம் கால்ஃப் மட்டை, அறுவைக் கத்தி. காயம் அதேதான், உடம்பு அதேதான், மாறியது சந்தேகப்படும் ஆள் மட்டும். ஆளுக்குத் தக்க ஆயுதம்! கூர்க்கா என்றால் குக்ரி, பணக்கார டாக்டர் என்றால் கால்ஃப். புலனாய்வு இப்படி நடந்தால் அக்கம்பக்கத்தார் வேறு எப்படி யோசிப்பார்கள்?

ஆதாரம் ஏன் இல்லாமல் போனது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அக்கம்பக்கத்தார், நிருபர்கள் எல்லாரும் நடந்தார்கள். ஹாலில் உட்கார்ந்தார்கள், அறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ரத்தக் கறையோடு ஒரு விஸ்கி பாட்டில் நின்றுகொண்டிருந்தது. கயிறு கட்டி ஆட்களை நிறுத்த வேண்டிய போலீஸ் நிறுத்தவில்லை. துக்க வீட்டுக்கு உள்ளே போவது நம் நாட்டில் மரியாதை, அதில் தப்பு சொல்ல முடியாது. அது கொலை நடந்த இடமும்கூட என்று சொல்ல வேண்டியவர்கள் வாசலில் டீ குடித்தால் யார் என்ன செய்வது? கைரேகை எடுக்கும் நேரத்துக்குள் பாதி செக்டர் கடந்து போயிருந்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பில் சாதாரண ஆட்களுக்குப் புரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. "வீட்டுக்குள்ள நாலு பேரு, ரெண்டு பேரு செத்தாச்சு, மிச்சம் ரெண்டு பேருதான்" என்பது இந்த ஊரில் ஆட்டோக்காரர் முதல் ஆடிட்டர் வரை சொல்லும் கணக்கு. கீழ் நீதிமன்றத் தீர்ப்பும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் நின்றது. அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 106-ஆவது பிரிவுப்படி, ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும். உயர் நீதிமன்றம் சொன்னது, முதலில் வெளியார் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும், அதற்கப்புறம்தான் அந்தப் பிரிவைத் தொடலாம் என்று. அதை அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை. நீதிபதிகளில் ஒருவர் தனியாக எழுதிய குறிப்பில் கீழ் நீதிமன்ற நீதிபதியைக் கணக்கு வாத்தியாரோடும் சினிமா இயக்குநரோடும் ஒப்பிட்டிருந்தார். உள்ளதை வைத்துத் தீர்ப்பு எழுதாமல் விடுபட்டதைக் கற்பனையில் நிரப்பிவிட்டாராம்.

இன்னொன்றும் உண்டு. உதவியாளர் ஒருவர் இருந்த இடத்தில் எடுத்த ஊதா நிறத் தலையணை உறையில் ஹேம்ராஜின் மரபணு இருப்பதாக ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிக்கையில் இருந்தது. பிற்பாடு அது தட்டச்சுப் பிழை, உறைகளின் எண் மாறிவிட்டது என்றார்கள். தட்டச்சுப் பிழையா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வருஷக்கணக்கில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தும் மூன்று ஏழைகளின் தலையெழுத்தும் இப்படி ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் மனதை விட்டுப் போவதில்லை.

அந்த மூன்று பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெற்றோருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கையைக் காட்டுவது அவர்கள் பக்கம்தான். மருந்து ஊசி போட்டு அரை மயக்கத்தில் அவர்களைப் பேசவைத்த வீடியோ டி.வி.யில் ஓடியது, அதைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே நாடு பார்த்தது. 2010 மே 5-ஆம் தேதி செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், சம்மதம் இல்லாமல் யாருக்கும் நார்கோ சோதனையோ பொய் அறியும் சோதனையோ செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒருமுறை டி.வி.யில் முகம் வந்துவிட்ட கம்பவுண்டருக்கு அப்புறம் எந்த கிளினிக்கில் வேலை கிடைக்கும்? டாக்டர் தம்பதிக்காகப் பேச நண்பர்கள், சொந்தங்கள், வக்கீல்கள் இருந்தார்கள், 2015-ல் அவிரூக் சென் ஒரு புத்தகம் எழுதினார், அதே வருஷம் மேக்னா குல்சாரின் 'தல்வார்' படம் வந்தது. இதெல்லாம் வந்தது நல்லதுதான். சிறைக்குள் இருந்த நாலு வருஷமும் அவர்கள் மற்ற கைதிகளுக்குப் பல் வைத்தியம் பார்த்தார்கள் என்பதும் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. அந்த மூன்று பேருக்காகவும் ஹேம்ராஜுக்காகவும் இதில் கால்வாசி மை செலவாகியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

நம் வீட்டுப் பேச்சையே கேட்டுப் பாருங்கள். "டாக்டர் சொன்னார், அம்மா அழுதாங்க, வேலைக்காரன் எங்க போனான்?" ஒரே வாக்கியத்தில் ஒருத்தருக்கு 'ஆர்', இன்னொருத்தருக்கு 'ஆன்'. நாற்பத்தைந்து வயசு மனிதர், ஊரில் குடும்பஸ்தர். தமிழில் இந்த விகுதி விஷயத்தில் நாம் தப்பிக்கவே முடியாது, வாயைத் திறந்தால் யாரை எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஹிந்திக்காரர்களாவது 'பையா' என்று ஒரு பொதுச் சொல்லில் மறைத்துக்கொள்கிறார்கள்.

2008 கோடையில் இந்தப் பகுதி எப்படி இருந்தது என்று அப்போது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மாலை ஆறு மணிக்குப் பூங்காவில் பிள்ளைகள் இல்லை. பெண் குழந்தைகள் வைத்திருந்தவர்கள் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள், சிலர் புதிதாகப் போட்டார்கள், எது பத்திரம் என்று யாருக்கும் தெரியவில்லை. மே, ஜூன் லீவுக்கு வழக்கமாக ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் அந்த வருஷம் டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு கிளம்பின. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடமில்லாமல் தட்கலுக்கு அலைந்தவர்களைத் தெரியும். ஊரிலிருந்து தினம் ஃபோன். "அந்த ஊர்ல என்னத்துக்கு இருக்கீங்க, மெட்ராஸுக்கே வந்துடுங்க." வளாகத்தில் வேலை பார்த்த நேபாளத்து ஆட்கள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். போனவர்களைப் பற்றி, "பாரு, பயம் இருக்கப் போய்தான ஓடுறான்" என்றார்கள். பயம் இருந்தது உண்மைதான். இருக்காதா பின்னே?

பிள்ளைகள் பாடுதான் பாவம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் கொலை பற்றிப் பேசினார்கள். அப்பா அடிக்கும்போது "என்னைக் கொன்னுடுவியா?" என்று கேட்ட பையனைப் பற்றி அவன் அம்மா என் மனைவியிடம் சொல்லி அழுதார். இதற்கெல்லாம் கவுன்சலிங் என்று ஒன்று உண்டு என்றுகூட அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. டி.வி.யை அணைப்பது ஒன்றே மருந்து. அதையும் பல வீடுகளில் செய்யவில்லை.

இதே ஊரில் ஒன்றரை வருஷம் முன்னால்தான் நிட்டாரி. 25-ஆம் செக்டரிலிருந்து நடந்து போகும் தூரம். 31-ஆம் செக்டரில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சாக்கடையைத் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகள் வந்தன, 2006 டிசம்பர் கடைசியில். அந்தக் கிராமத்துப் பெற்றோர் அதற்கு முன் எத்தனையோ முறை போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பிள்ளையைக் காணோம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கேயாவது ஓடிப்போயிருக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பலர் புலம்பெயர்ந்து வந்த கூலிக்காரர்கள். அந்த வீட்டு முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் தூக்குத் தண்டனை வரை போனது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் லட்சணத்தைச் சாடி இருவரையும் விடுவித்தது. 2025-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆக அந்தக் குழந்தைகளைக் கொன்றவர் யார் என்பதற்கும் இன்று விடை கிடையாது. அடுத்தடுத்த செக்டரில் இரண்டு பெரிய வழக்கு, இரண்டிலும் கை காலியாக நிற்கிறோம். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் நிட்டாரியைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது 'அவங்க' பிள்ளைகள்.

சுற்றறிக்கைக்கு வருகிறேன்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணவர் டூரில் இருக்க, இரண்டு குழந்தைகளோடு பன்னிரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் பெண்ணின் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன். டெல்லி வட்டாரத்தில் தனியாக இருந்த முதியவர்களை வீட்டில் வேலை செய்தவர்களே கொன்ற செய்திகளும் வராமல் இல்லை. போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டாம் என்று சொல்கிறவனும் இல்லை நான். வாடகைக்கு வரும் எங்களுக்கும்தான் வெரிஃபிகேஷன் செய்கிறார்கள், ஃபோட்டோ ஒட்டி ஃபாரம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தோம். (என்ன, 'மதராசி' என்றால் வாடகை ஒழுங்காகக் கொடுப்பான், சண்டைக்கு வரமாட்டான் என்று இங்கே ஒரு நல்ல பெயர். அந்த நல்ல பெயரும் ஆளைப் பார்க்காமல் கொடுத்ததுதான்.)

என் கேள்வி வேறு. ஆருஷி வழக்கைக் காரணம் காட்டி இந்தத் தீர்மானத்தை எப்படிக் கொண்டுவர முடியும்? அந்த வழக்கில் வீட்டோடு தங்கியிருந்த ஆண் வேலையாள் கொலையுண்டவர். எந்த நீதிமன்றமும் எந்தக் கட்டத்திலும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பிற்பாடு பிடித்த மூவர் மேலும் குற்றப்பத்திரிகைகூட இல்லை. அப்படியிருக்க அந்த வழக்கிலிருந்து எங்கள் அசோசியேஷன் கற்றுக்கொண்ட பாடம், 'வேலைக்காரனை ராத்திரி வெளியே அனுப்பு' என்றால், 2008 மே 16 காலை போலீஸ் சொன்ன கதை இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். மே 17-ஆம் தேதி இந்த வளாகத்துக்கு வரவே இல்லை.

உண்மையிலேயே அந்த வழக்கிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் டவரில் நான் கேட்டுப் பார்த்தேன், நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். சி.சி.டி.வி. பதிவு எத்தனை நாள் இருக்கும்? மூன்று கேமரா வேலையே செய்யவில்லை. ஏதாவது நடந்தால் அந்த வீட்டு வாசலில் நின்று, போலீஸ் வரும் வரை யாரையும் உள்ளே விடாமல் தடுக்க செக்யூரிட்டிக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? இதில் ஒன்றுகூட அஜெண்டாவில் இல்லை. பை சோதனை இருக்கிறது.

2017 ஜூலையில் 78-ஆம் செக்டரில் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். வீட்டு வேலைக்குப் போன பெண் ராத்திரி திரும்பவில்லை என்று குடிசைப் பகுதி ஜனங்கள் திரண்டு வந்து அந்தப் பெரிய குடியிருப்பின் மேல் கல்லெறிந்தார்கள். திருடினாள் என்றது வீட்டுத் தரப்பு, அடைத்துவைத்தார்கள் என்றது பெண் தரப்பு. அதற்கப்புறம் வாட்ஸாப்பில் எல்லா வேலைக்காரர்களும் 'பங்களாதேஷி' ஆனார்கள், பலருக்கு வேலை போனது. கேட்டில் பையைத் திறக்கச் சொல்லிச் சொல்லித்தான் அந்த அளவுக்கு மனக்கசப்பு ஏறியது என்று நான் நினைக்கிறேன். பாதுகாப்பு என்பது இரு பக்கமும் இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டில் 2007-லேயே நல வாரியம் வந்துவிட்டது. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-ல் வந்தது, இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை. எங்கள் வளாகத்தில் ஒரு வேலையாள் காணாமல் போனால், அவர் ஊரில் யாருக்குச் சொல்வது என்று ஒரு ஃபோன் நம்பர் எத்தனை வீட்டில் இருக்கும்? நான் கேட்ட பத்து வீட்டில் மூன்றில்தான் இருந்தது. ஆதார் நகல் பத்திலும் இருந்தது. நேபாளத்துக்காரருக்கு ஆதார் எங்கே என்று கேட்காதீர்கள், 1950 ஒப்பந்தப்படி விசா இல்லாமல் வந்து வேலை பார்க்கிறவர்களிடம் அந்த நாட்டு அட்டை இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் இருக்கமாட்டார்.

இரவு தங்கும் ஆண் வேலையாட்கள் எங்கள் வளாகத்தில் மொத்தம் பதினொரு பேர். செக்யூரிட்டி ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இவர்களில் எட்டு பேர் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். மூன்றாம் மாடியில் நம்ம தமிழ்த் தாத்தா ஒருவர், மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர், பார்க்கின்சன் நோய். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாடு. பாட்டிக்கு முழங்கால் வலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க அவரால் முடியாது. ராத்திரி இரண்டு மூன்று முறை திருப்பிப் படுக்கவைத்து, பாத்ரூம் கூட்டிப்போய், மருந்து கொடுப்பவர் ஆறு வருஷமாக அவர்களோடு இருக்கும் ஒரு நேபாளத்துக்காரர். "தாத்தா, எழுந்திரு, மெதுவா, மெதுவா" என்று தமிழில் சொல்வார். பாட்டி சொல்லிக் கொடுத்து ரசம் வைப்பார், கொஞ்சம் இனிப்பாக இருக்கும். பத்து மணிக்கு இவர் வெளியே போய் எங்கே படுப்பார்? கேட் பக்கம் தகர ஷெட் போட்டுத் தருவதாகச் செயலாளர் சொல்கிறார். ஜனவரி குளிரில் தகர ஷெட்! சரி, அவர் படுத்துக்கொள்வார் என்றே வைத்துக்கொள்வோம், தாத்தாவை ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுப்புவார்கள்? பெண் அட்டெண்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கமிட்டியில் ஒருவர். எழுபது கிலோ மனிதரைத் தனியாகத் தூக்க ஒரு பெண்ணைத் தேடச் சொல்கிறார்.

இந்த விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் வழக்கம்போல ஒதுங்கி நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் ஒன்பது வீடு இருக்கிறோம். கொலுவுக்கு ஒன்பது வீடும் சேரும், பொங்கலுக்குச் சேரும். பொதுக்குழு என்றால் "நமக்கெதுக்கு சார், நாம என்ன இந்த ஊரா?" இருபது வருஷம் இருந்தாலும் இந்த ஊர் இல்லை என்கிறோம், ஆனால் இந்த ஊர்க்காரர்கள் போடும் விதியின் பலனை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். நம் வீட்டுப் பெரியவர்கள்தான் இந்த அட்டெண்டர்களை நம்பி இருப்பவர்களில் பாதி.

செயலாளருக்கு நான் கொடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். சுற்றறிக்கையில் ஆருஷி வழக்கைக் காரணமாகப் போட்ட வரியை நீக்க வேண்டும், அது உண்மைக்குப் புறம்பானது. முதல் தீர்மானத்தைக் கைவிட்டு, அதற்குப் பதில் வேலையாளின் குடும்பத்து ஃபோன் நம்பரை அசோசியேஷன் அலுவலகத்திலும், வீட்டு முதலாளியின் நம்பரை வேலையாளின் குடும்பத்திடமும் வைக்க வேண்டும். மாடிச் சாவிக்கு ரெஜிஸ்டர் போட வேண்டும். லிஃப்ட் சங்கதியையும் பை சங்கதியையும் கூட்டத்தில் பேசிக்கொள்கிறேன். அந்தப் பதினொரு பேரில் ஒருவரையாவது வரவழைத்துக் கேட்கலாமே என்றேன். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்றார் செயலாளர்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கிளப் ஹவுஸில். மூன்றாம் மாடித் தாத்தா தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஃபிளாட் அவர் பெயரில் இருக்கிறது, அவருக்கு ஓட்டு உண்டு. அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வரப்போகிறார் என்று செயலாளர் இன்னும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.